பின்னம் நடத்துகிறவர்களுக்கு ஒரு பயிற்சி: நான்கில் மூன்று சனிக்கிழமை உருப்படி

பின்னத்துக்கான அந்த நான்கு நாள் பயிற்சிக்குப் போகலாமா என்று மெசேஜில் கேட்டிருந்தீர்கள். காசு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டணம் 1,600 ரூபாய். பள்ளிக்கூடம் தரவில்லை, என் கையிலிருந்து கட்டியது. குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு நான்கு சனிக்கிழமை பஸ் ஏறிப் போய்வந்தேன். டவுன் பஸ் கிடைத்த நாளில் பெண் என்பதால் டிக்கெட் இல்லை, கிடைக்காத நாளில் அதுவும் செலவு. அதனால் நல்லதையும் கெட்டதையும் எழுத எனக்கு உரிமை உண்டு. குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் நடத்தியவர்களின் பெயர் வேண்டாம். வெளியூரிலிருந்து வரும் ஒரு சின்னக் குழு, பாடம் எடுப்பது இரண்டு கருத்தாளர்கள். வடசேரிப் பக்கம் ஒரு மண்டபத்து மாடி. 5 முதல் 8 வரை கணக்கு எடுப்பவர்களுக்கு மட்டும், பின்னமும் விகிதமும் மட்டும்.

அந்த 'மட்டும்'தான் என்னை இழுத்தது. நான் உதவிபெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றில் 17 வருஷமாகக் கணக்கு டீச்சர். இத்தனை வருஷத்தில் போன பயிற்சிகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. கையெழுத்து, பி.பி.டி., குழு அமைத்துச் சார்ட் எழுதுதல், டீ, மறுபடி கையெழுத்து. அரை நாளில் கணக்குப் பாடம் முழுவதையும் தொட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒரே தலைப்புக்கு நான்கு நாள் என்று யாரும் கூப்பிட்டதில்லை.

வீட்டுக்காரர் கேட்டார், "பதினேழு வருஷமா நீதானே அத நடத்துற? இனிப் போய் என்ன படிக்கப்போற?" பதில் தெரியாமல் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். முதல் நாள் பதினொன்றரை மணிக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். அதில் ஒரே கணக்கு: 1¾ ÷ ½. இது ஒரு கணக்கா என்று எல்லோரும் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டோம். தலைகீழியால் பெருக்கு, 7/4 × 2, விடை மூன்றரை. "சரி, இனி இதற்கு ஒரு கதைக் கணக்கு எழுதுங்கள், பிள்ளைகளுக்குக் கொடுப்பது மாதிரி" என்றார் கருத்தாளர். அப்போதுதான் மாடியில் ஃபேன் எவ்வளவு சத்தமாக ஓடுகிறது என்று தெரிந்தது.

நான் எழுதியது: ஒன்றே முக்கால் லிட்டர் பாலை இரண்டு பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு? எழுதி முடித்துப் பேனாவை மூடியும் வைத்துவிட்டேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "டீச்சர், விடை மூன்றரை. ஒன்றே முக்கால் லிட்டரைப் பிரித்து ஆளுக்கு மூன்றரை லிட்டர் கொடுக்கிற வித்தை உங்க ஊரில் இருக்கா?" கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். காது மட்டும் சுட்டது. அரையால் வகுக்கச் சொன்னதற்கு நான் இரண்டால் வகுத்திருக்கிறேன். சிரித்தவர்களில் பாதிப் பேர் சீட்டிலும் அதே இரண்டு பேர்தான், பாலுக்குப் பதில் கேக்கோ கயிறோ.

இந்தக் கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு என்று அப்புறம் சொன்னார். லிபிங் மா என்ற ஆய்வாளர் இதையே அமெரிக்காவில் 23 ஆசிரியர்களிடமும் சீனாவில் 72 ஆசிரியர்களிடமும் கேட்டு, 1999இல் புத்தகமாக்கியிருக்கிறார். சீன ஆசிரியர்கள் அத்தனை பேரும் விடையைச் சரியாகப் போட்டார்கள். அமெரிக்கர்களில் சரியாக முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு. கதை எழுதச் சொன்னபோது அவர்களிலும் பலர் என்னைப் போலவே இரண்டால் வகுத்திருக்கிறார்கள். ஆக விடையில் நாங்கள் சீனா, கதையில் அமெரிக்கா.

இந்தப் பயிற்சியில் நான் கொடுத்த காசு வசூலானது இதற்கு அடுத்த முக்கால் மணி நேரத்தில். ஒன்றே முக்கால் கிலோ சீனி இருக்கிறது, அரை கிலோ பொட்டலமாகக் கட்டினால் எத்தனை பொட்டலம்? மூன்று பொட்டலம் கட்டியாயிற்று, மீதி கால் கிலோ. கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சார் எழுந்து, "அப்ப விடை மூணேகால்லா வரணும்? மூணரை எப்படி?" என்றார். நல்ல கேள்வி. எங்களில் பாதிப் பேர் அவர் பக்கம் சாய்ந்துவிட்டோம். மீதிச் சீனி கண்முன்னே கால் கிலோ, விடையிலோ அரை. கருத்தாளர் வாயைத் திறக்கவே இல்லை, அது அவருடைய கெட்டிக்காரத்தனம். நாங்களே அடித்துப் பேசி, டீ வருகிற நேரத்தில் பின்வரிசையில் ஓர் இளம் டீச்சர் அவிழ்த்தார். கேள்வி கிலோவைக் கேட்கவில்லை, பொட்டலத்தைக் கேட்கிறது. கால் கிலோ என்பது ஒரு பொட்டலத்தில் பாதி. அதே சீனிதான், கிலோவில் கால், பொட்டலத்தில் அரை.

"எதில்?" இந்த ஒரு கேள்வியை நான்கு நாளும் அவர்கள் விடவில்லை. பாதி என்றால் எதில் பாதி? கால் என்றால் எதில் கால்? வாத்தியார் வேலையில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு இந்த இரண்டெழுத்துக்கு... சரி, மூன்றெழுத்துக்கு, 1,600 ரூபாய் கொடுத்தேன். நஷ்டம் இல்லை.

இதில் எனக்கு ஒரு சின்னப் பெருமையும் உண்டு, ஒரு வருத்தமும் உண்டு. நாம் பின்னத்தைத் தமிழில் படிக்கும்போதே இந்த 'எதில்' உள்ளே இருக்கிறது: மூன்றில் இரண்டு. அந்த 'இல்' வேலை செய்கிறது. ஆனால் கருத்தாளர்கள் நாள் முழுக்க "டூ பை த்ரீ" என்றே படித்தார்கள். டீ நேரத்தில் நான் சொன்னேன், தலையாட்டினார்கள், மறுபடி 'பை' வந்துவிட்டது. தமிழில் படிப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது, அதை அவர்கள் தொடவே இல்லை. "மூன்றில் இரண்டு எழுது" என்றால் பிள்ளை காதில் முதலில் விழுவது மூன்று. அதை மேலே எழுதிவிட்டு இரண்டைக் கீழே போடும். வருஷா வருஷம் இதைச் சிவப்பு மையில் சுழித்து 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறேன். பிள்ளை கவனமாகத்தான் இருந்திருக்கிறது, கேட்ட வரிசையில் எழுதியிருக்கிறது. இப்போது என் வகுப்பில் முதலில் கோடு, பிறகு கீழே பகுதி, கடைசியில் மேலே தொகுதி. பயிற்சியில் கிடைத்த சூட்டில் நானே யோசித்தது என்பதால் இதைப் பயிற்சியின் கணக்கில் எழுதுவதா என் கணக்கில் எழுதுவதா தெரியவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை காகிதத்தில் போயிற்று. சார்ட் பேப்பரில் 24 சென்டிமீட்டர் நீளப் பட்டைகள். ஏன் 24 என்று கேட்டுக்கொண்டே வெட்டினோம். பாதி 12, மூன்றில் ஒன்று 8, கால் 6, ஆறில் ஒன்று 4, எட்டில் ஒன்று 3, பன்னிரண்டில் ஒன்று 2. எல்லாம் ஸ்கேலில் நேராக விழுகிறது. (ஐந்தில் ஒன்று மட்டும் 4.8 வந்து கழுத்தறுக்கும், அதற்கு 30 சென்டிமீட்டர் பட்டை ஒன்று தனியாக வெட்டிக்கொள்ளுங்கள்.) பட்டைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்தால், எட்டில் ஒன்றைவிடக் கால் பெரியது என்று நான் தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை. "எட்டுதானே டீச்சர் பெருசு?" என்று வருஷம் பூராக் கேட்கும் பையன் ஒருவன் இருப்பான் அல்லவா, என் ஆறாம் வகுப்பிலும் இருக்கிறான். பட்டையைக் கையில் கொடுத்த அன்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப நிறைய பேருக்குப் பங்கு வச்சா கம்மியாத்தானே கிட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நான் பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன், அன்றைக்கு அது போதும்.

அன்று மத்தியானம் போட்ட இன்னொரு கணக்கும் பிடித்தது. 12/13 + 7/8. விடை கண்டுபிடிக்க வேண்டாம், தோராயமாக எது பக்கத்தில் வரும்: 1, 2, 19, 21? 1978இல் அமெரிக்காவில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு நாடு தழுவிய தேர்வில் வந்த கேள்வியாம், சரியாக 2 என்று சொன்னவர்கள் 24 சதவீதம். 19, 21 என்று குறித்தவர்கள் அதைவிட அதிகம். அமெரிக்கா எதற்கு, திங்கட்கிழமை என் எட்டாம் வகுப்பில் வாய்ப்புகள் கொடுக்காமல் போட்டேன். முன்வரிசை முழுக்க 19/21. மேலதை மேலதோடு, கீழதைக் கீழதோடு கூட்டிவிட்டார்கள். 19/21 என்பது 12/13ஐவிடச் சின்னது. ஒன்றோடு இன்னொன்றைக் கூட்டினால் இருந்ததைவிடக் குறையுமா மக்களே என்று கேட்டேன். யாரும் நிமிரவில்லை. மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைகள்தான் அத்தனை பேரும்.

இடையில் ஒரு புலம்பல். இரண்டாம் நாள் வாசலில் மேசை போட்டு ஒரு பின்னப் பெட்டி விற்றார்கள், 450 ரூபாய். நானும் வாங்கித் தொலைத்தேன். பிளாஸ்டிக்கில் வட்ட வட்டமான துண்டுகள், பின்னால் காந்தம். எங்கள் பள்ளியில் இருப்பது சிமென்ட் பலகை, காந்தம் அதில் ஒட்டாது. அதை நான்தான் யோசித்திருக்க வேண்டும், விடுங்கள். ஆனால் மூன்றில் ஒன்று துண்டு மூன்றைச் சேர்த்து வைத்தால் வட்டம் மூடவில்லை, நடுவில் ஒரு குச்சி நுழையும் அளவு இடைவெளி. மூன்று மூன்றில் ஒன்று சேர்ந்தால் முழுசு வராது என்று பிள்ளைகள் நோட்டில் எழுதிவைத்தால் நான் என்ன செய்வது? மாற்றித் தரச் சொன்னேன், அடுத்த வாரம் என்றார்கள், அடுத்த வாரம் அந்த மேசையே இல்லை. வாங்காதீர்கள். பத்து ரூபாய்ச் சார்ட்டும் ஒரு கத்தரிக்கோலும் இதைவிட நன்றாக வேலை செய்யும்.

மூன்றாம் நாள் பெருக்கல். கருத்தாளர்கள் ஏரியா மாடல் என்று செவ்வகம் வரைந்து நிழலடித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல முறைதான், பாடப்புத்தகம் நடத்துகிற எல்லோருக்கும் ஓரளவு தெரிந்தது. அன்றைய நாளைக் காப்பாற்றியது பங்கேற்க வந்த ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தாராம். செவ்வகம் முடிந்ததும் கையைத் தூக்கி, "நான் ஒண்ணு எழுதலாமா சாரே?" என்று கேட்டுவிட்டுப் பலகைக்குப் போனார்.

எழுதியது ஒரே வார்த்தை: அரைக்கால். "கால்ல அரை. அரைய காலால பெருக்குனா எட்டுல ஒண்ணு. பெருக்கல வார்த்தையிலயே வச்சிருக்காவ." அடுத்தது முக்கால்: மூன்று கால். பகுதி என்பது துண்டின் பெயர், தொகுதி என்பது எத்தனை துண்டு என்ற எண்ணிக்கை. நான் ஒரு பாடவேளை முழுக்கச் சொல்வது இது. பிறகு மாகாணி. மா என்றால் 1/20, காணி என்றால் 1/80. மாவும் காணியும் சேர்ந்தால்? நாங்கள் நோட்டில் போட்டோம்: 4/80 + 1/80 = 5/80 = 1/16. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. வேற்றினப் பின்னங்களின், அதாவது பகுதி வேறான பின்னங்களின், கூட்டலை ஒரு வார்த்தைக்குள் ஒளித்துவைத்திருக்கிறார்கள். காணிக்குக் கீழே அரைக்காணி 1/160, அதிலும் பாதி முந்திரி, 1/320. முந்திரிக்கொத்து என்றால் எத்தனை முந்திரி என்று யாரோ கேட்க, அவர் சிரிக்காமல், "அது சாப்பிடுகதுக்கு" என்றார்.

அதோடு விடவில்லை. அவருடைய அப்பா காலத்தில் எங்கள் பகுதி திருவிதாங்கூர் ராஜ்ஜியம், நாணயமும் தனி. ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம், ஒரு சக்கரத்துக்கு 16 காசு. கால் ரூபாய் 7 சக்கரம், அரைக்கால் ரூபாய் மூன்றரைச் சக்கரம், அதாவது 3 சக்கரம் 8 காசு. மூன்றில் ஒரு ரூபாய் எத்தனை என்று எங்களைக் கேட்டார். 9 சக்கரம் போக ஒரு சக்கரம் மீதி, அதை மூன்றாகப் பிரித்தால் 5 காசு, அப்புறமும் ஒரு காசு மிச்சம். அந்த மிச்சக் காசை எப்படிப் பங்கிடுவது என்று கடைசி வரை சண்டை. கருத்தாளர்களில் சின்னவர் போனில் படமெடுத்துக்கொண்டார், இன்னொருவர் நேரத்தைப் பார்த்தார். திட்டத்தில் இல்லாத நாற்பது நிமிஷம் அது, நியாயமாக அந்த நாற்பது நிமிஷத்துக்கான பணத்தை அந்த வாத்தியாருக்கு அனுப்ப வேண்டும்.

நான்காம் சனிக்கிழமை விகிதம். இங்கேதான் எனக்குக் கோபம்.

மூன்று நாள் ஆற அமரப் போனவர்கள், விகிதம், விகிதசமம், நேர் மாறல், எதிர் மாறல், சதவீதம் எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைத்தார்கள். அதிலும் மதியத்துக்கு மேல் சான்றிதழ், குரூப் போட்டோ. ஆறாம் வகுப்பில் நான் நடத்தும் புத்தகத்தில் விகிதம் முதல் பருவத்திலும் பின்னங்கள் மூன்றாம் பருவத்திலும் இருக்கின்றன. அந்த வகுப்பில் பின்னத்தை இன்னும் தொடாத பிள்ளைக்கு விகிதத்தைச் சுருக்கிக் காட்ட வேண்டிய நிலையில் நான் நிற்கிறேன். எப்படிச் சமாளிப்பது என்று கேட்கத்தான் முக்கியமாகப் போனேன். "நல்ல பாயிண்ட் மேடம், குரூப்பில் டிஸ்கஸ் பண்ணலாம்" என்றார்கள். வாட்ஸ்அப் குரூப்பைச் சொல்கிறார்கள். அதில் இன்று வரை வருவது ரோஜாப்பூ போட்ட காலை வணக்கமும் ஒரு இன்சூரன்ஸ் விளம்பரமும்.

அந்த நாளிலும் இரண்டு விஷயம் தேறியது. ஒன்று, குட்டையன் நெட்டையன் கணக்கு. ராபர்ட் கார்ப்லஸ் என்ற இயற்பியல்காரர் 1970 வாக்கில் அமெரிக்கப் பிள்ளைகளிடம் கேட்டது. குட்டையனைப் பட்டனால் அளந்தால் 4 பட்டன் உயரம், நெட்டையன் 6 பட்டன். குட்டையனைப் பேப்பர் கிளிப்பால் அளந்தால் 6 கிளிப். நெட்டையன் எத்தனை கிளிப்? விடை 9. என் ஏழாம் வகுப்பில் பாதிக்கு மேல் 8. ஏன் என்று கேட்டால், "ரெண்டு பட்டன் கூடுதல், அப்ப கிளிப்பும் ரெண்டு கூடணும் டீச்சர்." தப்பான விடைக்கு எவ்வளவு ஒழுங்கான காரணம் பாருங்கள். பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டுகிறார்கள். இத்தனை நாள் இதை வாய்ப்பாடு தெரியாத குறை என்று நினைத்திருந்தேன்.

இரண்டாவது, சிமென்ட்டும் மணலும் 1:4. கலவையில் சிமென்ட் எத்தனை பங்கு? கால் என்று சொல்வார்கள், பெரியவர்களும் சொல்வார்கள். மொத்தம் 5 சட்டி, அதில் சிமென்ட் ஒரு சட்டி, ஐந்தில் ஒன்று. மறுபடி அதே 'எதில்?'. என் வகுப்பில் கொத்தனார் மகன் ஒருவன் இதை முதல் தடவையே சரியாகச் சொன்னான், மற்றக் கணக்கில் அவன் வாங்குவது இருபதைத் தாண்டாது.

ஆனால் அவர்கள் கொண்டுவந்த மற்ற எடுத்துக்காட்டு எல்லாம் பீட்சா, பெயின்ட், கார் மைலேஜ். நான் பொறுக்காமல், எங்கள் வீட்டில் பாலும் தண்ணீரும் சமமாகக் கலப்போம், அதை வைத்து நடத்தலாமே என்றேன். பெரிய கருத்தாளர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "பாலில் தண்ணீர் கலப்பதை வகுப்பில் சொல்லலாமா மேடம்?" மாடியே அதிர்ந்தது. குலசேகரத்தில் பால் என்றால் முதலில் ரப்பர் பால். விடியுமுன் ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறி, சிரட்டையில் விழுந்ததை வாளியில் சேர்த்து, தண்ணீர் கலந்து, ஆசிட் விட்டு உறைய வைத்துத்தான் ஷீட் அடிப்பது. 12 லிட்டர் பாலுக்கு 12 லிட்டர் தண்ணீர். மழைக்காலத்தில் பாலே தண்ணியாக வரும், அப்போது வீட்டுக்காரர் 8 லிட்டரோடு நிறுத்திக்கொள்வார். கலவையில் பால் பாதியிலிருந்து ஐந்தில் மூன்றாகிவிடும். குளச்சல் பக்கத்து டீச்சர் உடனே மீன் பங்கை எடுத்தார். அவர்கள் ஊரில் செலவு போக மீதியில் பாதி வள்ளத்துக்கும் வலைக்கும், மறுபாதி போன ஆட்களுக்குச் சமமாக. அஞ்சு பேர் போனால் ஆளுக்கு எத்தனை பங்கு? பத்தில் ஒன்று. பாதியில் ஐந்தில் ஒன்று, அரைக்காலுக்குத் தம்பி. பேச்சு சூடு பிடிக்கும்போது போட்டோவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சாப்பாடு பற்றி ஒரு வரி. நாகர்கோவிலில் நான்கு நாளும் எலுமிச்சைச் சாதப் பொட்டலம். நான்காம் நாள் நாங்கள் ஆறு பேர் வெளியே போய் மீன் சாப்பாடு சாப்பிட்டோம். காலை டீயோடு வந்த ரசவடை மட்டும் நன்றாக இருந்தது.

போகலாமா என்று மெசேஜில் கேட்ட எல்லோருக்கும் சேர்த்து: 5, 6 எடுப்பவர்கள் கண்டிப்பாகப் போங்கள், முதல் இரண்டு நாளுக்காகவே. ஏழு எட்டில் விகிதத்துக்காக மட்டும் போவதானால் இப்போதைக்கு வேண்டாம், அதற்குத் தனியாக இரண்டு நாள் வைக்கச் சொல்லிக் கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஐந்துக்கு மார்க் போடச் சொன்ன இடத்தில் மூன்றே முக்கால் போட்டேன். வாங்கிப் பார்த்த பெண், முழு எண்ணாகப் போடுங்கள் மேடம், கம்ப்யூட்டர் எடுக்காது என்று திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த பேட்ச் காலாண்டு விடுமுறைக்கு அப்புறமாம். போகிறவர்கள் கத்தரிக்கோல் கொண்டுபோங்கள். அங்கே முப்பது பேருக்கு இரண்டுதான் இருந்தது, அதில் ஒன்று வெட்டாது.